உதிர்ந்தது பழைய நுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிப்ரவரி 1 அன்று தங்கள் நாளிதழில் வந்த கல்பனா சாவ்லா நினைவுக் கட்டுரையில், ‘ஓசோனைக் காக்கப் போட்ட சட்டம் ஏழு உயிர்களைக் குடித்தது’ என்றொரு வரி இருந்தது. எரிபொருள் தொட்டியின் நுரைப்பூச்சைப் பொங்கவைக்கும், ஓசோனை அரிக்கும் சி.எப்.சி. வாயுவைத் தடை செய்ததால்தான் 2003இல் கொலம்பியா விண்கலம் சிதறியதாம். விசாரணைக் குழுவின் அறிக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்ததை நான் சொல்லித் தாங்கள் அறியவேண்டியதில்லை. ஏவும்போது பெயர்ந்து இடது இறக்கையைத் தாக்கிய துண்டு, தொட்டியை விண்கலத்தோடு பிணைக்கும் தாங்கியின் மேல் பூசியிருந்த பி.எக்ஸ்.-250 என்னும் பழைய நுரை; அது சி.எப்.சி.-11 கொண்டே தயாரானது. அதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடையிலிருந்து விலக்கும் அளித்திருந்தது. மாற்று வாயுவில் செய்த புது நுரை இருந்தது தொட்டியின் பக்கங்களில். அதுவும் உதிராமல் இல்லை. 1997 நவம்பர் பயணத்தில் வெப்பத்தடுப்பு ஓடுகளில் நூற்றுக்கணக்கான வடுக்கள் விழுந்தன. அந்தப் பயணம் போய்ப் பத்திரமாகத் திரும்பியவர்களில் கல்பனாவும் ஒருவர் என்பதையாவது கட்டுரையாளர் பார்த்திருக்கலாம்.

தூத்துக்குடியில் மீன் பதன ஆலைகளின் குளிரறைகளுக்கு 26 ஆண்டுகள் பஃப் என்னும் வெப்பத்தடுப்பு நுரை அடித்தவன் நான். பழைய வாயு போய் மாற்று வந்தபோது நாங்களும்தான் முணுமுணுத்தோம். ஆனால், பெயர்ந்த இடத்தை அறுத்துப் பார்த்தபோதெல்லாம் ஈரம் துடைக்காத தகடோ, சுண்டைக்காய் அளவுக் காற்றுக்குழியோதான் அகப்பட்டது. அதாவது, எங்கள் கைக்குறை. கொலம்பியாவின் தாங்கி நுரையும் கையால் அடித்துச் செதுக்கியதே. அதுபோன்ற மற்றத் தொட்டிகளின் நுரையை அறுத்தபோது அங்கும் குழிகள் இருந்தன. 1983 முதலே அந்த இடம் பலமுறை பெயர்ந்தும், 2002 அக்டோபரில்கூடப் பெயர்ந்தும், அடுத்த கலத்தை ஏவியவர்களையும், இறக்கையைப் படமெடுத்துத் தாருங்கள் என்று கேட்ட பொறியாளர்களைத் தட்டிக்கழித்தவர்களையும் விட்டுவிட்டுச் சட்டத்தைக் கூண்டில் ஏற்றுவது மிகவும் வசதியானதுதான். சட்டம் மறுப்புக் கடிதம் எழுதாது.

சேலஞ்சர் விண்கல விபத்துக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தடையே காரணம் என்று தங்கள் ஞாயிறு மலர் முன்பு எழுதியது. 1986 ஜனவரிக் குளிரில் உந்துகல இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் விறைத்ததையும், முந்தைய இரவே ஏவ வேண்டாமென்று பொறியாளர்கள் மன்றாடியதையும் குறிப்பிட்டு நான் அனுப்பிய கடிதம் இடமின்மையால் வெளிவரவில்லை. அந்த வாரம் ராசிபலனுக்கு அரைப்பக்கம் கிடைத்திருந்தது.

விதிகளால் ஆபத்தே வராது என்று நான் வாதாடவில்லை; மாற்றுப் பொருளைச் சோதித்தே பூச வேண்டும். தற்போது கேட்பது இரண்டு வரித் திருத்தம் மட்டுமே. கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், பி.எக்ஸ்.-250 இருக்கும் வரியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஃப் தொழிலாளி,
தூத்துக்குடி.