ஜெர்சி சிட்டியிலிருந்து அப்பாவுக்கு

ஜெர்சி சிட்டி
12 நவம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

அமெரிக்க மத்திய வங்கித் தலைவரைப் பற்றி இந்த ஊரில் ஏன் இவ்வளவு சத்தம் என்று போனில் கேட்டீர்கள். வங்கியில் வேலை பார்த்த உங்களுக்கு இரண்டு வரியில் சொல்லித் தப்பிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபெடரல் ரிசர்வ் என்ற அந்த வங்கியை எல்லோரும் ஃபெட் என்பார்கள். தலைவரை ஜனாதிபதி முன்மொழிவார், செனட் ஒப்புதல் தரும், பதவிக்காலம் 4 ஆண்டு. மேடையில் இரண்டு கட்சிக்காரர்களும் ஃபெடைத் திட்டுவார்கள். நியமனம் என்று வந்தால் வேறு கதை, எதிர்க்கட்சி ஜனாதிபதி வைத்தவரையே தொடரவிடுவார்கள். ரீகன் வைத்த கிரீன்ஸ்பானை கிளின்டன் தொடரவிட்டார், புஷ் வைத்த பெர்னான்கியை ஒபாமா, டிரம்ப் வைத்த பவலை பைடன். இடையில் தலைவராக இருந்த யெல்லனுக்கு மட்டும்தான் இரண்டாம் வாய்ப்பு கிடைக்கவில்லை. பவல் முன்பு கார்லைல் முதலீட்டு நிறுவனத்தில் பங்குதாரர். யெல்லனோ பதவி முடிந்தபின் பெரிய நிறுவனங்களில் உரையாற்றியே 70 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார், பிறகு பைடனின் நிதியமைச்சரானார். 2021-ல் ஃபெடின் டாலஸ், பாஸ்டன் வட்டார வங்கித் தலைவர்கள், தங்கள் சொந்தப் பங்கு வர்த்தகம் பற்றிய சர்ச்சைக்கு நடுவே விலகினார்கள். சட்டப்படி தப்பா என்பது வேறு விஷயம். இவர்கள் பழகும் வட்டம் எது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதைவிடப் பெரிது, பணம் இறங்கும் வழி. 2008 நெருக்கடிக்கு முன் ஃபெடின் சொத்து 1 லட்சம் கோடி டாலருக்குள் இருந்தது. கடன் பத்திரங்களை வாங்கி வாங்கி 2022-ல் கிட்டத்தட்ட 9 லட்சம் கோடி ஆனது. பத்திரம் விற்றவர்கள் அந்தப் பணத்தோடு பங்குச் சந்தைக்குப் போனார்கள், பங்கு விலை ஏறியது. ஃபெடின் கணக்குப்படியே குடும்பங்களிடம் உள்ள பங்குகளில் 10-ல் 9 பாகம் மேல்தட்டு 10 சதவீதத்தினரிடம்தான். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஃபெட் கைகட்டி நின்றிருந்தால் என்னைப் போன்றவர்களின் வேலையும் போயிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் மழை மாடிவீட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு, எங்களுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

என்னோடு வேலை செய்பவர் 2021-ல் 3 சதவீதத்துக்கும் குறைந்த வட்டியில் 30 வருஷக் கடனில் வீடு வாங்கினார். அந்த வட்டி கடைசிவரை ஏறாது. நான் வாடகையிலேயே இருந்துவிட்டேன். போன மாதம் அதே கடன் 8 சதவீதத்தைத் தொட்டது. வீட்டு விலையாவது இறங்கியதா? பழைய குறைந்த வட்டியில் வாங்கியவர்கள் யாரும் வீட்டை விற்க வரமாட்டேன் என்கிறார்கள். போன வருஷம் விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றும்போது, குடும்பங்களுக்குக் கொஞ்சம் வலி இருக்கும் என்று பவல் வெளிப்படையாகவே சொன்னார். யாருடைய குடும்பம் என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் நாடாளுமன்றம் வரியால் சரிசெய்யலாமே என்பீர்கள். 2017-ல் குடியரசுக் கட்சி நிறுவன வரியை 35-லிருந்து 21 சதவீதமாகக் குறைத்தது. சரி, அடுத்தவர்கள்? முதலீட்டு நிறுவன மேலாளர்களின் லாபப் பங்குக்குக் குறைந்த வரி என்ற சலுகையை ஒடுக்க 2022-ல் ஜனநாயகக் கட்சி ஒரு பிரிவு கொண்டுவந்தது. அவர்கள் கட்சி செனட்டரே முரண்டு பிடிக்க, அது கழன்றுவிட்டது.

வீடு எப்போது வாங்குவாய் என்று கேட்கும் அம்மாவிடம், இந்த வருஷம் இல்லை என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். முன்பணத்துக்குச் சேர்த்ததை 6 மாத அரசுப் பத்திரத்தில் போட்டிருக்கிறேன், 5 சதவீதத்துக்கு மேல் வருகிறது. பவலைத் திட்டிக்கொண்டே அந்த வட்டியையும் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்