குழாய்க்கிணறு வேண்டாம், மகன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய பாலத்தின் படங்கள் கிடைத்தன. கூடவே எழுதியிருந்ததையும் வாசித்தேன்: "வாய்க்கால் தண்ணியை நம்பி இருக்காமல் குழாய்க்கிணறு அடியுங்கோ அம்மா, காசு நான் அனுப்புறன்." போனில் கதைத்தால் ஒருவர் கதையை ஒருவர் முடிக்க விடமாட்டோம். அதனால்தான் எழுதுகிறேன். கிணறு வேண்டாம்.

நீ நின்று படமெடுத்த, பிரான்சில் உரோமர் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய பொன் து கார் பாலத்தைப் பற்றி நான் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். மூன்று அடுக்கு வளைவு, 49 மீற்றர் உயரம். பார்க்கப் போகிறவர்களின் கண் அந்த வளைவுகளில்தான் நிற்கும். எனக்குப் பெரிதாகப் படுவது அதன் உச்சியில் ஓடிய வாய்க்கால். ஊற்றிலிருந்து நீம் நகரத்துக்கு நேர்கோட்டில் 20 கிலோமீற்றர் அளவுதான். குன்றுகளைச் சுற்றி வளைந்து 50 கிலோமீற்றர் ஓடியது. அவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் ஏறக்குறைய 12 மீற்றர். இங்கே கலாவாவிக் குளத்திலிருந்து அனுராதபுரத்துக்குப் போகும் யோத எல என்ற வாய்க்கால் 87 கிலோமீற்றர். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் வெட்டுவித்தது என்பார்கள். அதன் தொடக்கப் பகுதியில் கிலோமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் அளவுதான் இறக்கம். இந்தத் தீவில் மட்டம் பிடித்தவர்கள் உரோமருக்குக் குறைந்தவர்கள் இல்லை என்பதை நீ அங்கே நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்.

பாலம் இன்னும் நிற்கிறது, தண்ணீர் எப்போதோ நின்றுவிட்டது. ஏன் தெரியுமா? அந்த ஊற்றுநீரில் சுண்ணாம்பு அதிகம். வாய்க்காலின் சுவரில் அது வருசா வருசம் படிந்து கல்லாக இறுகியது. ஆட்சி ஒழுங்காக இருந்தவரை வழித்துத் துப்புரவு செய்தார்கள். பேந்து அதைப் பார்க்க ஆளில்லை. படிவு தடித்துத் தடித்து ஓட்டம் ஒடுங்கிப்போனது.

உரோமில் 97ஆம் ஆண்டு தண்ணீருக்குப் பொறுப்பாக வந்த புரொண்டினஸ் எழுதி வைத்திருப்பதை வாசித்தால் நம் வாய்க்கால் கதைதான். மேலே காணி உள்ளவர்கள் வாய்க்காலைத் துளைத்துத் தங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் இழுத்தார்கள். தண்ணீர் வேலையாட்களே களவாகக் குழாய் வைத்து விற்றார்கள். வளைவுகளுக்கு இரு பக்கமும் 15 அடிக்குள் மரம் நிற்கக்கூடாது, வேர் கட்டைப் பிளக்கும் என்று சட்டம் இருந்தது. குளக்கட்டில் மரம் முளைக்க விடாதே என்று உன் தாத்தா சத்தம் போடுவாரே, அதே காரணம்.

இனி எங்கள் கதை. இரணைமடுக் குளம் கட்ட 1902இல் வேலை தொடங்கினார்கள். 1930களில் குடியேறியவர்கள் காடு வெட்டிக் கமம் செய்தார்கள். மாரியில் விதைக்கும் காலபோகத்துக்கு மழை இருக்கிறது. கோடையில் விதைக்கும் சிறுபோகம் முழுக்கக் குளத்தை நம்பியது. சிறுபோகக் கூட்டத்தில் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானித்துப் பங்கு பிரிப்பார்கள். சண்டை வரும், குரல் உயரும், ஆனாலும் பிரிப்பார்கள்.

எங்கள் காணி வாய்க்காலின் கடைசியில். போன சிறுபோகம் மேலே ஒருவர் வாய்க்காலுக்குள் மோட்டர் இறக்கி இரவில் இறைத்தார். எங்கள் வயல் வெடித்தது. நீ கிணறு என்று சொன்னது அதைக் கேட்டுத்தானே? கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் நான் கிணறு அடித்தால் வாய்க்கால் துப்புரவுக்குப் போகமாட்டேன். பக்கத்துக் காணிக்காரரும் அடிப்பார், அவரும் போகமாட்டார். கிணறு அடிக்க வசதியில்லாதவர்கள் மாத்திரம் மண்வெட்டியோடு நிற்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எங்கள் வீட்டுக் கிணறு தானாக ஏறும். ஓட்டம் நின்றால் இறங்கும். குழாய் போட்டு ஆழத்திலிருந்து இழுத்தாலும் அதுவும் குளம் ஊறவிட்ட தண்ணீர்தான். பரந்தனுக்கு வடக்கே ஆனையிறவுக் கடல்நீரேரி அதிக தூரம் இல்லை. எல்லோரும் மோட்டர் போட்டு இழுத்தால் நல்ல தண்ணீர் இறங்க, உவர் உள்ளே வரும். உவர் ஏறிய மண்ணை உன் காசு திருப்பித் தராது.

537இல் உரோமை முற்றுகையிட்ட கொத்தர் என்ற இனத்தார் நகரத்துக்கு வந்த வாய்க்கால்களை வெட்டினார்கள். சண்டைக்குப் பிறகு கிளிநொச்சியில் தண்ணீர்த் தாங்கி சரிந்து கிடந்ததை நீ பார்த்தவன். முகாமில் தண்ணீர்ப் பவுசருக்கு வரிசையில் கான் வைத்தவன். பொதுத் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று உனக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

முதல் தண்ணீர் கடைசி மடைக்கு வரும் நேரம் நீ மறந்திருக்கமாட்டாய். நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வரும், வெடிப்புக்குள் இறங்கும்போது குமிழி விடும், கட்டெறும்புகள் அவசரப்பட்டுக் கரையேறும். அதைப் பார்க்க வரப்பில் நாலைந்து வீட்டு ஆட்கள் நிற்போம்.

காசு அனுப்பத்தான் வேண்டும் என்றால் கமக்காரர் அமைப்புக்கு அனுப்பு. கடைசி மடையின் கதவு துருப்பிடித்துப் போய்விட்டது, மாற்ற வேண்டும். மற்ற முறை நீமுக்குப் போனால் பாலத்தோடு திரும்பாதே. நகரத்துக்குள் அந்த வாய்க்கால் முடிந்த இடத்தில் வட்டத் தொட்டி ஒன்று இருக்கிறது, சுவரில் பத்துத் துவாரங்கள். தண்ணீரை அதில்தான் பங்கு பிரித்தார்கள். கிட்டப் போய் ஒவ்வொரு துவாரத்தையும் வடிவாகப் படமெடுத்து அனுப்பு. அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா