நீ நடக்கும் அந்த வளாகம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. நான்ஜிங்கில் உன் கல்லூரி வளாகத்தின் வளைந்த கூரைகளைப் பார்த்துப் பழைய அரண்மனையோ என்று கேட்டிருந்தாய். அரண்மனை இல்லை கண்ணு. ஹென்றி மர்ஃபி என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1920களில் சீன அரண்மனைச் சாயலில் அமைத்த பெண்கள் கல்லூரி அது. பெயர் ஜின்லிங்.

அமெரிக்க மிஷன் சபைகள் சில ஒன்றுசேர்ந்து 1915இல் நான்ஜிங்கில் இந்தக் கல்லூரியின் வகுப்புகளைத் தொடங்கின. பெண்பிள்ளைகளின் பாதங்களை இறுகக் கட்டும் வழக்கம்கூட முழுசாக ஒழியாத காலம். 1919இல் ஐந்து பெண்கள் பட்டம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் வூ யீஃபாங். இருபது வயதுக்குள் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லாரையும் பறிகொடுத்தவர். அவரே மிச்சிகனில் முனைவர் பட்டம் முடித்து, 1928இல் அதே கல்லூரிக்குத் தலைவரானார். பள்ளி கல்லூரிகளுக்குச் சீனர்களே தலைமை தாங்க வேண்டும் என்று அன்றைய அரசு வற்புறுத்தியதும் ஒரு காரணம்தான். ஆனாலும் தாங்கள் படிக்கவைத்த பெண்ணின் கையிலேயே கல்லூரியை ஒப்படைத்தார்களே, மிஷன்காரர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அப்புறம் 1937 டிசம்பர். ஜப்பானியப் படை நகரைப் பிடித்தபோது ஆசிரியர்களும் மாணவிகளும் பெரும்பாலும் வெளியேறிவிட்டார்கள். மின்னி வாட்ரின் என்ற அமெரிக்க ஆசிரியை போக மறுத்துத் தங்கினார். விமானங்கள் குண்டு போடாமலிருக்கப் புல்வெளியில் பெரிய அமெரிக்கக் கொடியை விரித்துவைத்தார். மூவாயிரம் பேருக்குக்கூட இடம் போதாத கட்டடங்களில் சுமார் 10,000 பெண்களும் குழந்தைகளும் அடைக்கலம் புகுந்தார்கள். மாடிப்படி, நடைவழி எல்லாம் ஆட்கள். சிப்பாய்கள் ஒரு வாசலில் நுழைந்தால் அங்கே ஓடுவார். அதற்குள் இன்னொரு பக்கத்திலிருந்து அலறல் கேட்கும். எல்லாரையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அவரை விடவே இல்லை. 1940இல் மனம் உடைந்து அமெரிக்கா திரும்பியவர், மறுவருடம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்தப் புல்வெளியைக் கடக்கும்போது அவரை நினைத்துக்கொள்.

கல்லூரி மேற்கே உள்ள செங்து நகருக்கு இடம்பெயர்ந்து, அங்கிருந்த இன்னொரு மிஷன் பல்கலைக்கழக வளாகத்தில் போர்க்காலத்தை ஓட்டியது. 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்ட நான்கே பெண்களில் வூ யீஃபாங் ஒருவர். 1950களின் தொடக்கத்தில் மிஷன் கல்லூரிகளை அரசு எடுத்துக்கொண்டபோது ஜின்லிங் என்ற பெயரும் போனது. அந்த இடம்தான் இப்போது நீ படிக்கும் நான்ஜிங் நார்மல் பல்கலைக்கழகம். பழைய பெயரில் பெண்கள் கல்லூரி ஒன்றை அங்கே 1987இல் மறுபடி தொடங்கினார்கள். வூ யீஃபாங் அதைப் பார்க்க இல்லை, 1985இலேயே காலமாகிவிட்டார்.

உங்கள் துறையில் வயதான பேராசிரியர்கள் யாராவது அவரை நேரில் பார்த்திருப்பார்கள். மெதுவாகக் கேட்டுப் பார்த்து எனக்கு எழுது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா