மழைக்கு முன்னால், உன் புது போனைப் பற்றி

கல்மண்டபம், ராயபுரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கோயம்புத்தூரை விட்டுவிட்டுத் திருவொற்றியூருக்கே திரும்பி வருகிறாய் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குத்தான் ரொம்ப சந்தோஷம். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் தங்கச்சியும் பாப்பாவும் பக்கத்தில் இருக்கப் போகிறார்கள் என்றதும் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பெரியவன் டிப்ளமோ முடித்து அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். என் போன் ரிப்பேர் கடை நன்றாக ஓடுகிறது. ஐப்பசி பிறந்தால் இன்னும் ஓடும். தண்ணீர் பூந்த போன்கள் வரிசையாக வரும். அந்த வரிசையில் உன் போன் நிற்கக்கூடாது என்றுதான் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாப்பா வாங்கிக் கொடுத்தது ஐபி68 போன், தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாதாம் என்று எழுதியிருந்தாய். நல்ல போன்தான். ஆனால் அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள். முதலில் வரும் 6 தூசிக்கு. அடுத்தது தண்ணீருக்கு. அது 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே சொல்லும். பல போன்களில் ஒன்றரை மீட்டர், அரை மணி நேரம். இதெல்லாம் புத்தம் புது போனை, அலையில்லாத நல்ல தண்ணீரில் வைத்துப் பார்க்கிற சோதனை. கடல் தண்ணீர், சோப்புத் தண்ணீர், வெந்நீர் ஆவி எதுவும் அந்தக் கணக்கில் வராது.

உள்ளே தண்ணீர் போகாமல் காப்பது டிஸ்ப்ளேயைச் சுற்றி ஓடுகிற மெல்லிய கம் பட்டையும், ஓட்டைகளில் இருக்கிற சின்ன ரப்பர் வளையங்களும், மெல்லிய சவ்வும்தான். வெயிலில் காய்ந்து, கீழே விழுந்து அடிபட்டு, அந்தக் கம் மெதுவாக விட்டுப்போகும். பேட்டரி மாற்ற ஒருமுறை திறந்துவிட்டு, புதுக் கம் பட்டை போடாமல் மூடினால் அந்த 68-ஐ மறந்துவிட வேண்டியதுதான். இந்தக் காப்பு நிரந்தரம் இல்லை என்று கம்பெனிகளே எழுதியிருக்கின்றன. தண்ணீர் சேதத்துக்குப் பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது. பல போன்களில் சிம் ட்ரே போகிற இடத்துக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

கோயம்புத்தூர் மழையில் நனைந்த போனும் நம்ம ஊர் போனும் ஒன்றில்லை. அங்கே வெறும் மழைத்தண்ணீர். இங்கே உப்பு. கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. சுத்தமான தண்ணீரில் கரண்ட் அவ்வளவாகப் பாயாது, உப்பு கலந்துவிட்டால் தாராளமாகப் பாயும். போனுக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டில் முடி கனத்தில் செம்புக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஈரமும் உப்பும் இருக்கும்போது அதில் கரண்ட் ஓடினால் ஒரு பக்கத்துச் செம்பு கரைந்து இன்னொரு பக்கம் போய்ப் படியும். ஷார்ட் ஆகும். கனெக்டரில், அதாவது ஒயர் இணைகிற முனைகளில், பச்சைக் களிம்பு பூக்கும். காசிமேட்டில் ஃபைபர் படகில் போகிற பையன்கள் கொண்டுவரும் போனைத் திறந்தாலே அந்தப் பச்சைதான் முதலில் கண்ணில் படும்.

இத்தனை வருஷம் இந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: போன் சாவது பெரும்பாலும் தண்ணீரில் விழுந்த அந்த நொடியில் இல்லை. எடுத்த பிறகு, வேலை செய்கிறதா என்று ஆன் பண்ணிப் பார்க்கிறார்களே, சார்ஜர் குத்துகிறார்களே, அப்போதுதான். நனைந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அணைத்துவிடு. யாருக்காவது பேச வேண்டுமென்றால் பக்கத்து ஆளிடம் போன் வாங்கு. சிம்மை வெளியே எடுத்துத் துடைத்து வேறு போனில் போட்டுக்கொள், சிம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. வெளியே துணியால் ஒற்றிவிட்டு, சார்ஜிங் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டு. அப்புறம் ஃபேன் காற்றில் வை. குச்சி, பஞ்சு எதையும் ஓட்டைக்குள் விடாதே. ஹேர் டிரையர் வேண்டாம், சூடு பட்டால் கம் இளகி தண்ணீர் இன்னும் உள்ளே போகும்.

அரிசிப் பானையில் புதைக்கிறார்களே, அதையும் தங்கச்சியிடம் சொல்லிவிடு, வேண்டாம். மூடியிருக்கிற போனுக்குள் இருக்கும் தண்ணீரை அரிசி வெளியே இழுக்காது. அரிசித் தூள்தான் ஓட்டைக்குள் போகும். ஆப்பிள் கம்பெனியே 2024-இல் இதைச் செய்யாதீர்கள் என்று சொன்னது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. இப்போதைய போன்களில் பேட்டரியைக் கையால் கழற்ற முடியாது. அணைத்து வைத்தாலும் போர்டில் சில இடங்களில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அரிசிக்குள் இரண்டு நாள் வைத்திருந்தால் அந்த இரண்டு நாளும் உள்ளே அரிப்பு நடந்துகொண்டிருக்கும். தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே திறந்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டுப் போர்டைக் கழுவ வேண்டும். சரியான நேரத்தில் வந்தால் நிறைய போன் பிழைக்கிறது.

உன் போனில் கடல் தண்ணீர் வெளியே மட்டும் தெறித்திருந்தால், காப்பும் நன்றாக இருந்தால், நல்ல தண்ணீரில் லேசாக அலசித் துடைத்துவிடலாம். உப்பு காய்ந்து ஒட்டினால்தான் தொல்லை. ஐபி எண் இல்லாத போனுக்கு இதைச் செய்யக்கூடாது. சார்ஜ் போடும்போது ஈரம் இருக்கிறது என்று எச்சரிக்கை வந்தால் மதித்து எடுத்துவிடு. காயச் சில சமயம் ஒரு நாள் முழுக்கக்கூட ஆகும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வீட்டுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் வந்ததே, அப்போது வந்த போன்களை மறக்க முடியாது. எண்ணெய் தானாகக் காயாது. கழுவியே எடுக்க வேண்டும். அதோடு சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்திருந்தது. போனைவிட அதிலிருந்த படங்களுக்காகத்தான் எல்லோரும் அழுதார்கள். இப்போது வருகிற போன்களில் மெமரி சிப்பை மட்டும் கழற்றிப் படத்தை எடுத்துவிட முடியாது, எல்லாம் பூட்டியிருக்கும். அந்தப் போர்டே உயிரோடு வந்தால்தான் உண்டு. அதனால் கிளம்புவதற்கு முன்பே பாப்பாவிடம் சொல்லி படங்கள், நம்பர்கள், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து வை. அப்பா படமெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று நீயே எழுதியிருந்தாய்.

வெள்ளம் வராத நாளிலும் இங்கே ஈரம் உண்டு. மெட்ரோவில் ஏசியில் வந்து, திருவொற்றியூரில் இறங்கி வெளியே வந்ததும் போனை எடுத்தால் கேமராக் கண்ணாடியில் பனி படியும். கொஞ்ச நேரம் பையிலேயே இருக்கட்டும். சட்டைப் பையில் வியர்வையோடு வைக்காதே, வியர்வையும் உப்புத்தான். மீன் விற்கிற அக்காக்கள் இப்போது கழுத்தில் தொங்குகிற பிளாஸ்டிக் பவுச்சில் போட்டு மேலேயே தொட்டுப் பேசுகிறார்கள். ஐஸ் தண்ணீர் கையோடு எடுத்தாலும் போனுக்கு ஒன்றும் ஆவதில்லை. மழை மாதத்துக்கு நீயும் ஒன்று வாங்கிக்கொள். போடுவதற்கு முன் போன் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்தையும் சேர்த்து அடைத்த மாதிரி ஆகிவிடும். வெயிலில் அப்படியே விடாதே, சூடேறும்.

பழைய போனை அங்கே விற்றுவிட்டு வராதே. பாதி சார்ஜ் ஏற்றி, அணைத்துக் கொண்டுவா. புது போனுக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே சிம்மைப் போட்டு ஓடிபி வாங்க அது போதும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாமல் என்னிடம் கொடு, மாற்றித் தருகிறேன்.

சாமான் வண்டி என்றைக்கு வருகிறது என்று எழுது. இறக்கி வைக்கப் பெரியவனையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்