குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. கொடியேற்றமும் பொங்கல் கோலப்போட்டியும் நன்கு நடந்தேறின. மழைநீர் வடிகாலுக்காக மீண்டும் மனு அளிக்கப்பட்டுள்ளது.

இவ்வாண்டின் முதன்மையான நிகழ்வு சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் சென்ற குடும்பச் சுற்றுலாவாகும். “அம்மிக்கல்லைப் பார்க்கப் பேருந்தா?” என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டதால், சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996 டிசம்பரில் திறந்துவைத்த அவ்வளாகத்தில், தென்மாநிலங்களின் பழைய வீடுகள் தூண் தூணாகவும் உத்தரம் உத்தரமாகவும் பிரித்துக் கொண்டுவரப்பட்டு, கைதேர்ந்த தச்சர்களாலும் ஸ்தபதிகளாலும் மீண்டும் பூட்டப்பட்டு நிற்கின்றன. செட்டிநாட்டு வீட்டையும் கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீட்டையும் கயிறு கட்டித் தள்ளி நின்று பார்க்க வைக்காமல், உள்ளே நடமாட விடுகிறார்கள். அக்ரகார வீட்டுத் திண்ணையில் அமர்ந்த நம் மூத்த உறுப்பினர்களைச் சாப்பாட்டுக்கு எழுப்புவதே பெரும்பாடாயிற்று. ஆட்டுக்கல்லில் ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிட வேண்டும் என்று மூத்த அம்மையார் ஒருவர் செய்து காட்டியபோது, பிள்ளைகள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். குயவரின் சக்கரத்திலும் அவர்கள் கை வைத்தார்கள். கிளி ஜோசியரிடம் தமக்கு ‘வரவு பெருகும்’ என்று சீட்டு வந்ததாகப் பொருளாளர் தெரிவித்தார். சங்கக் கணக்கில் அதற்கான அறிகுறி இதுவரை இல்லை.

பெயர் கொடுத்தவர்களில் கணிசமானோர் வரவில்லை. இருக்கை காலியாக இருப்பதால் பேருந்து வாடகை குறைவதில்லை. செவ்வாய்க்கிழமை வைத்திருந்தால் வந்திருப்போம் என்று பின்னர் கூறியவர்கள், அன்று தட்சிணசித்ராவுக்கு வார விடுமுறை என்பதை அறியவும்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். சிறு பற்றாக்குறை முன்னாண்டு இருப்பிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. அதற்குச் சுற்றுலாவே காரணம் என்று தெருமுனையில் பேசப்படுவதை மறுக்கிறேன். வந்தவர்கள் தத்தம் பங்கைச் செலுத்திவிட்டனர். வராதவர்களின் பங்கும், பலரது இரண்டாண்டுச் சந்தாவுமே நிலுவை. நிலுவையாளர் பெயர்களை அறிவிப்புப் பலகையில் எழுதக் குழு விரும்பவில்லை. எனினும் சாக்பீஸ் வாங்கி வைக்கப்பட்டுள்ளது.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், தேநீர் வழங்கிய மகளிர் அணியினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிடில், அடுத்த சுற்றுலாவுக்குச் சந்தா ரசீதைக் காட்டுவோர் பெயர் மட்டுமே பதிவு செய்யப்படும். ரசீதுப் புத்தகம் மாலை ஆறு மணிக்குமேல் என் வீட்டில் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்