நடைக்கு முன் போர்ட்டோவில் இரண்டு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ச்சுகலில் உள்ள போர்ட்டோ நகரில் இறங்கி, மறுநாள் காலையே இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் ஸ்பெயினின் சந்தியாகு தே கொம்போஸ்தெலாவுக்கு யாத்திரை நடையைத் தொடங்கிவிடலாம் என்று தங்கள் பயணப் பக்கத்தில் எழுதியிருந்தது. சென்னையிலிருந்து போகிறவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். இரண்டு முழு நாளாவது போர்ட்டோவுக்குள் நடந்துவிட்டுப் புறப்படுங்கள்.

காரணம் நம் கால்கள். ஆண்டு முழுவதும் செருப்பில் காற்றாடப் பழகியவை. வேளாங்கண்ணிக்கு வெறுங்காலில் போய்வந்தவருக்கும், மூடிய ஷூவுக்குள் தினமும் 20, 25 கி.மீ. என்பது வேறு கதை. வியர்வையில் ஊறிய தோல் உராய்ந்தால் கொப்புளம். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளிக் காலுறை நல்லது. நடக்க நடக்கக் கால் வீங்கும் என்பதால் ஷூ அரை அளவாவது பெரிதாக இருக்கட்டும். வேளாங்கண்ணி வழியில் மூட்டை வண்டியில் வரும், ஊருக்கு ஊர் மோரும் சாப்பாடும் கிடைக்கும். இங்கே உள்நாட்டுப் பாதையிலேயே சுமார் 240 கி.மீ., கடற்கரைப் பாதையில் இன்னும் அதிகம். அத்தனை தூரமும் சுமை பெரும்பாலும் நம் முதுகில்தான். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்: 65 கிலோ ஆளுக்கு ஆறரை கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதல் நாள், யாத்திரைக்குக் கொண்டுபோகும் அதே பையை அதே எடையோடு மாட்டிக்கொண்டு சே பேராலயத்திலிருந்து படிகள் வழியே ரிபெய்ரா ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். இறக்கத்தில் விரல் நுனி ஷூவின் முனையில் இடித்தால், கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். அலட்சியம் செய்தால் நான்காம் நாள் நகம் கறுத்துவிடும். 1886-இல் திறந்த முதலாம் லூயிஸ் பாலத்தின் கீழ்த்தட்டில் தோரு ஆற்றைக் கடந்து, அக்கரையில் செர்ரா தோ பிலார் மடம் வரை ஏறி, மெட்ரோ ஓடும் மேல்தட்டு வழியாகத் திரும்பினால் பேராலயத்தருகே வந்து சேரலாம். சின்னச் சுற்றுதான். ஆனால் இறக்கம், ஏற்றம், மழை பெய்தால் வழுக்கும் கருங்கல் தெரு, மூன்றும் அதில் உண்டு. பாதத்தில் எங்காவது சூடாக எரிந்தால் கொப்புளம் வரக் காத்திராமல் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். உட்கார நல்ல இடம் சாவ் பென்டு ரயில் நிலையம். சுமார் 20,000 நீலவண்ண ஓடுகளில் வரைந்த போர்ச்சுகல் வரலாறு சுவரெங்கும் இருக்கிறது. கிளேரிகோஸ் கோபுரத்தின் 225 படிகளை மட்டும் பையில்லாமல் ஏறுங்கள், வழி குறுகல்.

வழிநெடுக முத்திரை வாங்கிச் சேர்க்கும் யாத்திரை அட்டையைப் பேராலயத்திலேயே வாங்கி முதல் முத்திரையும் வைத்துக்கொள்ளலாம். முடிவில் சான்றிதழ் பெறக் குறைந்தது 100 கி.மீ. நடந்திருக்க வேண்டும், நாளுக்கு இரண்டு முத்திரை தேவை. வழிகாட்ட வரைந்திருக்கும் அம்புகளில் மஞ்சள் அம்பு நம் வழி. நீல அம்பு போர்ச்சுகலின் பாத்திமா மாதா திருத்தலத்துக்கு, நேர் எதிர்த்திசையில்.

இரண்டாம் நாள் ஆற்றோரமாகக் கடல்வரை போய், மத்தோசின்யோஸ் வரை சுமார் 10 கி.மீ. நடந்துவிட்டு மெட்ரோவில் அறைக்குத் திரும்புங்கள். மூன்றாம் நாள் அதே மெட்ரோவில் போய், விட்ட இடத்திலிருந்து கடற்கரைப் பாதையைத் தொடரலாம். இதனால் ஒரு காலடிகூட விட்டுப்போகாது. உள்நாட்டுப் பாதையை எடுப்பவர்களுக்கு நகரை விட்டு வெளியேறும்வரை குறுகிய நடைபாதையும் வாகனங்களும்தான்.

விசா விஷயத்திலும் இந்த இரண்டு நாள் கணக்கை மாற்றும். பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா தரும் ஷெங்கன் ஏற்பாட்டின் விதிப்படி, அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். உள்நாட்டுப் பாதை இரு நாடுகளிலும் ஏறக்குறையப் பாதிப் பாதி. போர்ட்டோவில் தங்கினால் தராசு போர்ச்சுகல் பக்கம் சாயும். நடை முடித்து மாட்ரிட் போனால் ஸ்பெயின் பக்கம். இரவுகளைத் தேதிவாரியாக எழுதி எண்ணிய பிறகே படிவத்தை நிரப்புங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கால்தோ வெர்தே என்ற பச்சைநிற சூப் கீரையும் உருளைக்கிழங்குமாகத் தெரிந்தாலும் அதில் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். ‘செங் கார்னே’, அதாவது இறைச்சி இல்லாமல், என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நம் சாவியும் ஜன்னலும் மேசையும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவைதான்; விடுதியில் ‘ஷாவ்’ என்று காதில் விழுந்தால் சாவியைத்தான் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
சாந்தோம், சென்னை