2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் பொதுக்குழுவில் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நம் அறிவியல் வாசகர் வட்டம் என்ன செய்தது என்பதை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு நான்கு முறை கூடியது; ஐந்தாவது கூட்டத்துக்குப் போதிய ஆள் வராததால் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றினோம். பள்ளி மாணவர்களுக்கான வினாடி வினா நடந்தது. பரிசுப் புத்தகங்களைத் துணைத் தலைவர் தன் செலவில் வாங்கித் தந்தார். டிசம்பர் வானோக்கல் மழையால் நடக்கவில்லை. பொங்கல் விளையாட்டுகள் நல்லபடியாக முடிந்தன.

இனி இந்த ஆண்டின் முக்கியமான வேலைக்கு வருகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் "யார் வேலை செய்கிறார்கள், யார் வெறுமனே பேர் கொடுத்திருக்கிறார்கள்" என்று ஒரு வாக்குவாதம் வந்து, மனக்கசப்பில் முடிந்தது நினைவிருக்கும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட்டமாக வாழ்கிற உயிர்கள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கின்றன, மனிதச் சங்கங்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று ஒரு வருடம் சேர்ந்து படிப்போம் என்ற யோசனையை நான்தான் வைத்தேன். செயற்குழு ஒப்புக்கொண்டது. மாதம் ஒரு கூட்டம் என்று பன்னிரண்டு திட்டமிட்டோம். ஒன்பது நடந்தன.

முதல் கூட்டம் கோழிகளைப் பற்றியது. நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பே, சிறு வயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கவனித்து வந்தவர். எந்தக் கோழி எதைக் கொத்தும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது என்று 1920களின் தொடக்கத்தில் எழுதினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், தன் வீட்டுக் கோழிகளில் தீனி வைத்தவுடன் முதலில் வருவது எது, கடைசியில் வருவது எது என்று பெயர் சொல்லியே விளக்கினார். நல்ல கூட்டம். பதினொரு பேர்.

தேனீக் கூட்டம் அதைவிட நன்றாக இருந்தது. 1949இல் ம்யூனிக் நகரில் மார்ட்டின் லிண்டாவர், புதரில் தொங்கிய தேனீத் திரளின் மேல் சில தேனீக்கள் நடனமாடுவதைப் பார்த்தார். உடம்பெல்லாம் அழுக்கு. ஒன்றின் மேல் புகைக்கரி, இன்னொன்றின் மேல் செங்கல் தூசி. போரில் இடிந்த ஊரில் புகைபோக்கியிலும் சுவர்ப் பொந்திலும் புதுவீடு தேடிப் போய் வந்தவை அவை என்று அவருக்குப் புரிந்தது. பின்னாளில் தாமஸ் சீலி அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஆயிரக்கணக்கான தேனீக்கள் கொண்ட திரளில் சில நூறு மட்டுமே இடம் தேடப் போகின்றன. ஒவ்வொன்றும் தான் பார்த்த இடத்தின் தரத்துக்கு ஏற்ப ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்த தேனீ அதை அப்படியே நம்பிவிடுவதில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தானும் ஆடும். ஒரு இடத்தில் போதுமான எண்ணிக்கை சேர்ந்ததும் முடிவு எடுக்கப்பட்டுவிடும். ராணித் தேனீக்கு இதில் வாக்கே கிடையாது. சீலி கார்னெல் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராக இருந்தபோது, தேனீக்களிடம் கற்றதைத் துறைக் கூட்டங்களிலும் கடைப்பிடித்தார்: தலைவர் முதலில் தன் கருத்தைச் சொல்லிக் கூட்டத்தைத் திருப்பக் கூடாது, எல்லாரும் பேசிய பின் ரகசிய வாக்கெடுப்பு. நம் செயற்குழுவில் இரண்டு முறை இதைச் செய்து பார்த்தோம். வழக்கமாக வாய் திறக்காத ஒரு உறுப்பினரின் யோசனைதான் இரண்டாம் முறை வென்றது. சனிக்கிழமை மாலை வாசகசாலையைக் கூடுதலாக ஒரு மணி நேரம் திறந்து வைக்கும் ஏற்பாடு அவருடையது.

இப்போது குளவிகள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்று நாம் கேட்டு வளர்ந்த கதை, மண்கூடு கட்டும் தனிக்குளவியை வைத்து வந்தது. நம் வாசகசாலையின் பின்பக்கச் சன்ஷேடுக்கு அடியில் ஜூனில் நான் பார்த்தது வேறு. சாம்பல் நிறத்தில் காகிதம் போன்ற சின்னச் சின்ன அறைகள், ஒரு மெல்லிய காம்பில் தொங்கின. மேலே மூடி கிடையாது, அறைகள் திறந்தே இருக்கும். ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற இனம்; தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணக் கிடைப்பது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்தது இந்தக் குளவியைத்தான். முனைவர் பட்டம் வாங்கியது மூலக்கூறு உயிரியலில். குளவி பார்ப்பது முதலில் அவருக்குப் பொழுதுபோக்கு. கோடிக்கணக்கில் கருவி வேண்டாம், குளவிமேல் ஒரு பொட்டுப் பெயின்ட், நோட்டுப் புத்தகம், பொறுமை, இவை போதும் என்பதுதான் என்னை இழுத்தது.

அவருடைய குழு 1983இல் வெளியிட்ட ஆய்வில் கூட்டிலுள்ள குளவிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: உட்கார்ந்திருப்பவை, சண்டையிடுபவை, இரை தேடுபவை. நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக, ராணி சண்டைக்காரி அல்ல. அவள் உட்கார்ந்திருப்பவர்களோடு சேர்ந்தவள், சாது. அவளைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால் சில நிமிடங்களிலேயே ஒரு வேலைக்காரக் குளவி கடும் மூர்க்கமாகிறது. அதுதான் அடுத்த ராணி. ராணியைத் திருப்பி வைத்தால் அது மறுபடி சாதாரண வேலைக்காரியாகிவிடும். வைக்காவிட்டால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, மூர்க்கமும் படிப்படியாகக் குறைந்துவிடும். அந்த அடுத்த ஆள் யார் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஆராய்ச்சியாளர்களால் முடியவில்லை. ஆனால் குளவிகளுக்கு அது தெரிந்திருக்கிறது. வாரிசு தலையெடுக்கும்போது மற்றவை எதிர்ப்பதில்லை. ஒருவருக்கு அப்புறம் ஒருவராக அந்த வரிசை நீள்கிறது என்பதையும் பிறகு காட்டினார்கள்.

நாம் குளவிகளுக்குப் பொட்டு வைக்கவில்லை. அதற்கான பயிற்சி நமக்கு இல்லை. ஆறடி தள்ளி ஸ்டூல் போட்டு, காலை ஆறு மணிக்கு, அவை பறக்கத் தொடங்கும் முன் தலை எண்ணினோம். பிறகு அரை மணி நேரம் நடப்பதை எழுதினோம். முறை வைத்து வருவதாகப் பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். தொடர்ந்து வந்தது நான்கு பேர். அவர்களில் ஒருவர் உறுப்பினர்கூட அல்ல, ஓர் உறுப்பினரின் மகள், ஒன்பதாம் வகுப்பு. நம் பழைய மரப் பெஞ்சில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் இருப்பதை அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள். குளவி பெஞ்சின் மேல் பின்னோக்கி நகர்ந்துகொண்டே மரத்தைச் சுரண்டுகிறது. காதை அருகில் வைத்தால் கரகரவென்று சத்தம் கேட்கிறது. அந்த நார் எச்சிலோடு குழைந்து கூட்டின் சுவராகிறது. பெஞ்சு சாம்பல் பூத்திருந்ததால்தான் கூடும் சாம்பல் நிறம் என்று நோட்டில் எழுதியிருக்கிறாள். இன்னொரு நாள் ஒரு குளவி பச்சை உருண்டை ஒன்றோடு வந்து இறங்கியது, மென்று உருட்டிய கம்பளிப்புழு. மூன்று குளவிகள் சூழ்ந்தன, உருண்டை பிய்ந்து கைமாறியது, ஒவ்வொன்றும் ஓர் அறைக்குள் தலையை விட்டு, உள்ளே வளரும் குளவிப் புழுவுக்கு ஊட்டின. கொண்டுவந்த குளவி ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் மறுபடி பறந்தது. ஜூலையில் 23 தலை எண்ணினோம். அக்டோபரில் 31.

நவம்பரில், குடும்பத் திருமணத்துக்காக நான் ஐந்து நாள் ஊரில் இல்லாதபோது, கூடு கொளுத்தப்பட்டது. கம்பில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் நனைத்து, இரவில் செய்திருக்கிறார்கள். வாசகசாலைக்குச் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள், கொட்டிவிட்டால் யார் பொறுப்பு என்பது காரணம். அந்தப் பயம் நியாயமானது. குளவிக்கடி விளையாட்டல்ல, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் ஜூனிலேயே பின்வாசலைப் பூட்டி அறிவிப்பு ஒட்டினேன். ஐந்து மாதத்தில் ஒருவரும் கொட்டுப்படவில்லை. ஆனால் என்னை ஒரு முறை போனில் கூப்பிட்டிருக்கலாம். செயற்குழுவில் வைத்திருக்கலாம். நான் திரும்பி வந்தபோது சன்ஷேடில் கரி படிந்திருந்தது. அந்தப் பெண், நோட்டில் தேதி போட்டு "எண்ணிக்கை: 0" என்று எழுதி வைத்திருந்தாள். யார் செய்தார்கள் என்று இங்கே பேசப்போவதில்லை. ஆனால் மினிட் புத்தகத்தில் ஒரு வரி வேண்டும்: பொது இடத்தில் வட்டம் எடுத்திருக்கும் வேலையை நிறுத்துவதானால் செயற்குழு தீர்மானம் வேண்டும். இதை இன்று தீர்மானமாக முன்மொழிகிறேன்.

சந்தா விஷயம். 68 உறுப்பினரில் 29 பேர் தரவில்லை. ஆண்டுக்கு முந்நூறு ரூபாய். மூன்று கடிதம் அனுப்பினேன், வாட்ஸ்அப்பில் நினைவூட்டினேன், சிலர் வீட்டுக்கே போனேன். பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது, நான் தடுத்தேன். அதற்குக் காரணம் நாம் நவம்பரில் படித்த எலினோர் ஆஸ்ட்ரோம். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண். மேய்ச்சல் நிலம், பாசனம் போன்ற பொதுச்சொத்தைப் பல தலைமுறையாகக் காப்பாற்றிய சமூகங்களைப் பார்த்து அவர் சொன்னது: விதியை அதற்குக் கட்டுப்படுகிறவர்களே வகுக்க வேண்டும், கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும், முதல் தவறுக்குத் தண்டனை லேசாக இருக்க வேண்டும். ஸ்பெயினின் வாலென்சியாவில் வாய்க்கால் தகராறுகளை விவசாயிகளே தேர்ந்தெடுத்த நடுவர்கள் வியாழக்கிழமைதோறும் பேராலய வாசலில் உட்கார்ந்து வாய்மொழியாகவே தீர்க்கிறார்கள். நம் ஏரிப் பாசன ஊர்களில் மடை திறக்க நீர்க்கட்டி என்று ஊரே ஒருவரை வைத்து, விளைச்சலில் பங்கு கொடுத்ததும் இந்த வழிதான். அதனால் என் யோசனை: தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்று, அந்தத் தெரு உறுப்பினர்களிடம் நேரில் ரசீது போட்டு வாங்கட்டும். கஷ்டத்தில் இருப்பவர் அவரிடம் தனியாகச் சொல்லட்டும், தள்ளி வாங்கிக்கொள்ளலாம்.

வராதவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. பொங்கல் கயிறிழுப்பின்போதுகூட அது மனதில் ஓடியது. கயிறு இழுக்கிறவர் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்று பிரான்ஸின் மாக்ஸ் ரிங்கல்மன் 1913இல் எழுதினார். எட்டுப் பேர் சேர்ந்தால் ஒருவர் பங்கு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஆனால் பிப்ரவரியில் படித்த எறும்பு ஆய்வு என் மனதைப் பாதி மாற்றியது. எறும்பைச் சுறுசுறுப்புக்கு உதாரணம் காட்டித்தானே பிள்ளைகளை வளர்க்கிறோம்? அரிசோனா பல்கலைக்கழகத்தில் சார்போனோவும் டார்ன்ஹாஸும் பார்த்த பாறை எறும்புக் கூட்டங்களில் சுமார் 40 சதவீதம் பெரும்பாலான நேரம் சும்மா இருந்தன. அதிகம் உழைத்த 20 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள், அதுவரை சும்மா இருந்தவற்றிலிருந்தே புது உழைப்பாளிகள் வந்து அந்த அளவை ஈடுகட்டினார்கள். 2017இல் வெளியான ஆய்வு.

சும்மா இருந்தவை கூட்டத்துக்குப் பாரமல்ல, கையிருப்பு. நம் வட்டத்தில் இந்த ஆண்டு முன்னாள் பொருளாளர் மாற்றலாகிப் போனார், வானோக்கல் பொறுப்பாளருக்குக் கண் அறுவை, இரண்டு இளைஞர்கள் வேலைக்காகச் சென்னை போய்விட்டார்கள். நான்கு இடம் காலி. எறும்புக்கு யாரும் கடிதம் போடவில்லை. நான் போடுகிறேன்.

கணக்கு விவரத்தைப் புதிய பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், கடன் வாங்கவில்லை. கையிருப்பு போன வருடத்தைவிடக் குறைவு. வாடகை இரண்டு மாதம் நிலுவை. பாக்கிச் சந்தா வந்தால் அது அடைந்துவிடும். தணிக்கை அடுத்த மாதம் முடியும்.

தலைவர், துணைத் தலைவர், செயற்குழுவினர், நாற்காலி தந்து உதவிய பந்தல்காரர், நாளிதழ்களைத் தவறாமல் போடும் தம்பி, கூட்டங்களுக்குத் தேநீர் தந்த கடைக்காரர், அனைவருக்கும் வட்டத்தின் நன்றி. காலை ஆறு மணிக்கு வந்த அந்த நால்வருக்கு என் தனிப்பட்ட நன்றி.

அடுத்த ஆண்டு எனக்கு நான்காவது ஆண்டு. நம் விதிப்படி அதோடு முடிகிறது. எனக்கு அப்புறம் யார் என்று குளவிகளைப் போல உங்களுக்குள் ஏற்கெனவே தெரிந்திருந்தால், அவர் இப்போதே வந்து என்னோடு உட்காரட்டும். கோப்புகள், வங்கிப் புத்தகம், பள்ளிகளோடு செய்யும் கடிதப் போக்குவரத்து, எல்லாவற்றையும் ஓர் ஆண்டு கூடவே இருந்து கற்றுக்கொள்ளலாம். யாரும் வராமல் மார்ச் 31 அன்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகும் நிலை வேண்டாம்.

கடைசியாக ஒரு செய்தி. கூடு எரிந்து சில வாரத்தில், தண்ணீர்த் தொட்டிப் பக்கச் சன்னலுக்கு மேலே, பிள்ளைகள் போகாத மூலையில், ஆறு குளவிகள் புதுக்கூடு தொடங்கின. நேற்று காலை 17. வெயில் ஏறியதும் தண்ணீர் கொண்டுவந்து அறை அறையாகத் துளி வைத்துச் சிறகால் விசிறுகின்றன. புதனும் சனியும் எண்ண ஆளில்லை. நோட்டு மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. பின்வாசல் சாவி தேநீர்க் கடையில். ஐந்தே முக்காலுக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்